யாளியின் முகத்தில் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது?

ஓவியம் வரைகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு படம் போட்டால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் "செம", "வேற லெவல்", "தீ ப்ரோ" என்று வரிசையாக வந்து விழும். எல்லாம் அன்புதான். ஆனால் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு யாளியை வரைந்தவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் வந்து "நல்லா இருக்கு, ஆனா ஏதோ மிஸ்ஸிங்" என்பார். இது இன்னும் மோசம். என்ன மிஸ்ஸிங் என்று தெரியாமல் வரைந்தவர் நன்றாக இருக்கிற இடத்தையெல்லாம் போட்டு நோண்ட ஆரம்பித்துவிடுவார்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் டேப்லெட்டிலும் போனிலும் கற்பனை ஓவியம் வரைகிறவர்கள் இப்போது நிறைய. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, ஐபிஸ்பெயிண்ட் என்ற செயலி போனிலேயே ஓடுகிறது. வரையக் கற்றுத்தர வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. இன்னொருவர் படத்தைப் பார்த்து உருப்படியாக நாலு வார்த்தை சொல்வதற்குத்தான் பஞ்சம். உருப்படியான கருத்து என்றால் அதைப் படித்தவர் உடனே பேனாவை எடுத்துச் செய்து பார்க்க முடிய வேண்டும். எந்த இடம், அங்கே என்ன தெரிகிறது, ஏன் அப்படித் தெரிகிறது, எதை மாற்றிப் பார்க்கலாம். இந்த நான்கும் இருந்தால் இரண்டு வரிகூடப் போதும்.

முதலில் எல்லாரும் ஒரே படத்தைத்தான் பார்க்கிறோமா?

பாதி வாக்குவாதம் இங்கேதான் தொடங்குகிறது. வரைந்தவர் ஐபேடில் டிஸ்ப்ளே பி3 என்ற, நிறங்கள் அதிகம் கொண்ட வண்ண அமைப்பில் வரைந்திருப்பார். பார்க்கிறவர் போனில் 'விவிட்' திரையை வைத்திருப்பார், போதாததற்கு ராத்திரி ஆனதும் திரை தானாக மஞ்சளாகும் வசதியையும் போட்டிருப்பார். "சிவப்பு ரொம்ப அடிக்குது" என்று அவர் சொல்வது படத்தைப் பற்றி அல்ல, தன் போனைப் பற்றி. நிறத்தைப் பற்றி வாய் திறக்கும் முன் அந்த மஞ்சள் திரையை அணைத்துவிட்டு, விவிட்டை 'நேச்சுரல்' ஆக்கிவிட்டுப் பாருங்கள்.

அனுப்புகிறவர் பக்கம் செய்ய வேண்டியது: படத்தை எஸ்ஆர்ஜிபி வண்ணத்துக்கு (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான வண்ண அமைப்பு) மாற்றி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். போட்டோஷாப்பில் இதற்கு 'கன்வெர்ட்' என்றும் 'அசைன்' என்றும் இரண்டு வழி இருக்கும். கன்வெர்ட்தான் வேண்டும். அசைன் செய்தால் ஃபைலில் உள்ள எண்கள் அப்படியே இருந்து அவற்றின் பொருள் மட்டும் மாறும், நிறம் வேறாகத் தெரியும். சிஎம்ஒய்கே அச்சகத்துக்கு உரியது; அதை அப்படியே குழுவில் போட்டால் சில போன்களில் நிறம் கண்டபடி தெரியும். நீளப் பக்கம் 2000 பிக்சல், ஜேபெக் தரம் 85 முதல் 90. திரையில் பார்க்க இது தாராளம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று மெனக்கெட வேண்டாம், அது அச்சுக் கணக்கு.

வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டோவாக அனுப்பினால் அது அளவையும் தரத்தையும் தன் இஷ்டத்துக்குக் குறைக்கும். டாக்குமெண்டாக அனுப்பினால் மூல ஃபைல் அப்படியே போகும். இது ஏன் முக்கியம் என்றால், ஜேபெக் வெளிச்ச விவரத்தைக் காப்பாற்றும் அளவுக்கு நிற விவரத்தைக் காப்பாற்றாது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடு போட்டிருந்தால் கோட்டின் ஓரம் கசங்கி வழிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு "எட்ஜ் எல்லாம் கிளீனா இல்ல" என்று ஒருவர் எழுதுவார், வரைந்தவர் தன் கையைச் சந்தேகப்படுவார். ஓர் எச்சரிக்கை: நோட்டில் பென்சிலால் வரைந்ததைப் போனில் படம் எடுத்து டாக்குமெண்டாக அனுப்பினால், கேமராவில் லொக்கேஷன் போட்டிருக்கும் பட்சத்தில் உங்கள் வீடு இருக்கும் இடமும் சேர்ந்தே போகும். முன்பின் தெரியாதவர்கள் இருக்கும் குழு என்றால் கேமராவில் லொக்கேஷனை அணைத்துவிட்டு எடுங்கள்.

வானத்தில் படிப்படியாகக் கோடு விழுவதும் வரைந்தவர் கையின் தவறல்ல. 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான். 3000 பிக்சல் உயர வானம் முழுவதிலும் நிறம் 30 படி மட்டும் மாறினால் ஒவ்வொரு படியும் 100 பிக்சல் அகலப் பட்டையாக நிற்கும். மேலே ஒரு லேயரில் (படத்தின் மேல் தனியாக வைக்கும் அடுக்கு) ஒன்றிரண்டு சதவீதம் நாய்ஸ் (பொடிப்புள்ளி) சேர்த்தால் பட்டை கலைந்துவிடும். கிரிட்டாவில் வரைகிறவர்கள் தொடக்கத்திலேயே 16 பிட் கேன்வாஸ் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கணினியில் மெமரி இடிக்கும்.

படத்தோடு இரண்டு வரி எழுதுங்கள். ஸ்கெட்சா, நிறம் போட்ட நிலையா, முடிந்ததா? எதைப் பற்றிக் கேட்கிறீர்கள்? எந்த ரெஃபரன்ஸைப் பார்த்தீர்கள்? போட்டோவை வெட்டி ஒட்டியிருந்தாலும், ஏஐ ஏதாவது ஓரிடத்தில் புகுந்திருந்தாலும் அதையும் சொல்லிவிட வேண்டும். வெட்டி ஒட்டிய பாறையைப் பார்த்து "டெக்ஸ்சர் பிரமாதம், எந்த பிரஷ்?" என்று ஒரு சின்னப் பையன் கேட்டுவிட்டு, அந்த பிரஷ்ஷைத் தேடி அலையக் கூடாது.

ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம்

இப்படி ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டு நீரோடை. அந்தி நேரம். தண்ணீரிலிருந்து ஒரு யாளி எழும்புகிறது, அதன் மேல் கையில் வேலோடு ஒரு கறுத்த பெண். பின்னால் கடல், கடலுக்கு மேல் ஆரஞ்சுச் சூரியன், பக்கத்தில் பிறை நிலா. நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆசையோடு வரைகிற காட்சி இது. இதற்கு என்ன சொல்வது?

யாளியின் மூக்கில் போய் நிற்காதீர்கள். பெரியதிலிருந்து சின்னதுக்கு வர வேண்டும். முதல் கேள்வி வெளிச்சம்.

நம் கடல் கிழக்கே இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் விழும். மாலையில் கடற்கரைச் சாலையில் நின்றால் கட்டடங்களின் நிழல் கடலைப் பார்த்து நீண்டு கிடக்கும். ஆகவே கடல் மேல் ஆரஞ்சுச் சூரியன் என்றால் அது அந்தி அல்ல, விடியல். இணையத்தில் கிடைக்கும் சூரிய அஸ்தமனப் படங்களில் பல மேற்குக் கடற்கரைகளில் எடுத்தவை. அவற்றைப் பார்த்து வரைந்தால் இந்தத் தவறு தானாகவே வந்து சேரும். கற்பனை உலகம்தானே, எதுவும் நடக்கலாமே என்பார்கள். நடக்கலாம், இரண்டு சூரியன்கூட இருக்கலாம். ஆனால் பிச்சாவரம் என்று பெயர் வைத்துவிட்டால் பார்க்கிறவர் கண்ணில் அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு சூரியன் வைத்தால் இரண்டு நிழல் வரைய வேண்டும்.

அந்திதான் வேண்டும் என்றால் சூரியனைப் பார்க்கிறவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அப்போது அந்தப் பெண்ணின் முகத்திலும் யாளியின் நெற்றியிலும் நேராகச் செம்பொன் வெளிச்சம் விழும். பின்னால் கடல் மேல் வானம் ஆரஞ்சாக இருக்காது. மேகமில்லாத நாளில் சூரியன் மறைந்த சற்று நேரத்தில் கிழக்கு அடிவானத்தையொட்டிச் சாம்பல் கலந்த நீலப் பட்டையும், அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டையும் தெரியும். அந்த நீலம் பூமியின் நிழல். வரைகிறவர்கள் யாரும் இதைத் தொடுவதே இல்லை. கடலூர் சில்வர் பீச்சில் போய் நின்றால் காசில்லாமல் கிடைக்கிற ரெஃபரன்ஸ் இது.

பிறை நிலாவுக்கும் அதே கணக்கு. அந்தியில் தெரியும் வளர்பிறைக் கீற்று மேற்கே, சூரியன் போன வழியில் இருக்கும். நம் கடலுக்கு மேல் மெல்லிய பிறை வேண்டுமென்றால் அது விடியலுக்கு முந்திய தேய்பிறை. அந்தியில் கடலிலிருந்து எழுவது பௌர்ணமி நிலா. பிறையின் ஒளிப்பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையைப் பார்த்திருக்கும். நம் அட்சரேகையில் கீற்று அடிவானத்துக்கு அருகே பெரும்பாலும் தோணி போல மல்லாந்து கிடக்கும், வெளிநாட்டுப் படங்களில் வருவது போல நெட்டுக்குத்தாக நிற்காது. எழுகிற பௌர்ணமி நிலா மங்கலான மஞ்சள். அது யாளியின் முதுகில் பளீரென்று நீல ரிம் லைட் (உருவத்தின் ஓரத்தில் விழும் ஒளிக்கோடு) போடாது. அந்தக் கோடு வேண்டும் என்றால் நேரத்தை இரவுக்குத் தள்ளுங்கள், நிலாவை மேலே ஏற்றுங்கள், முகத்தின் செம்பொன்னை விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே பலத்தோடு அடித்தால் எந்த வெளிச்சம் முதன்மை என்று கண்ணுக்குப் புரியாமல் படம் தட்டையாகிவிடும்.

தண்ணீரில் நிலவொளிப் பாதை நிலாவுக்கு நேர் கீழே செங்குத்தாகத்தான் விழும். அழகுக்காகச் சாய்க்க முடியாது. யாளியின் பிம்பத்துக்காக லேயரைக் காப்பி எடுத்துத் தலைகீழாகக் கவிழ்ப்பது வழக்கம், அதுவும் பொய்யாகத்தான் தெரியும். தண்ணீர் யாளியைக் கீழிருந்து பார்க்கிறது. பிம்பத்தில் தாடையின் அடிப்பக்கமும் வயிறும் தெரிய வேண்டும், தலையின் மேல்பக்கம் மறைய வேண்டும். கவிழ்த்த லேயரை அளவுக்காக மட்டும் வைத்துக்கொண்டு மேலே புதிதாக வரையச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகு கறுப்பு வெள்ளைச் சோதனை. மேலே ஒரு புது லேயர், முழுக்கக் கறுப்பு, பிளெண்ட் மோட் (மேல் லேயர் கீழ் லேயரோடு கலக்கும் விதம்) 'கலர்'. நிறம் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். சாச்சுரேஷனை (நிறத்தின் செறிவை) பூஜ்ஜியமாக்கிப் பார்ப்பது இதற்கு ஈடல்ல. ஹெச்எஸ்எல் (ஹியூ, சாச்சுரேஷன், லைட்னெஸ்) கணக்கில் சுத்த மஞ்சளும் சுத்த நீலமும் ஒரே சாம்பலாக மாறும், கண்ணுக்கோ மஞ்சள் எவ்வளவோ வெளிச்சம். இந்தச் சோதனையில் பெண்ணின் முகம் பின்னாலுள்ள காட்டோடு ஒன்றிப்போனால் பிரச்சினை முகத்தில் இல்லை, பின்னணியில். தூரத்து மரங்களை வெளிறவிட்டு, அவற்றின் இருட்டை வானத்து நிறத்தை நோக்கி ஏற்றினால் முகம் தானே முன்னால் வரும். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், தூரம் சீக்கிரம் வெளிறும். வறண்ட மலைநாட்டுப் படம் போலத் தூரத்திலும் கறுகறுவென்று வரைந்தால் ஊர் மாறிவிடும்.

கறுத்த தோல்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பயிற்சி வீடியோக்களில் பெரும்பாலானவை வெளிறிய தோலை வைத்தே சொல்லித்தருகின்றன. அதே வழியில் நம் நிறத்துக்கு வெள்ளையை 'ஸ்கிரீன்' மோடில் (கீழுள்ளதை வெளிறவைக்கும் மோட்) பூசினால் தோல் சாம்பல் பூத்துவிடும். காரணம் எளிது. வெதுவெதுப்பான பழுப்பின் மேல் வெள்ளை மெல்லிசாக ஏறும்போது சாச்சுரேஷன் செத்துப்போகிறது. நிழலுக்குச் சாம்பலை 'மல்டிப்ளை' (கீழுள்ளதை இருட்டாக்கும் மோட்) செய்தால் அழுக்குப் படிந்தது போலத் தெரியும்.

தொடங்குவதற்கு ஒரு கணக்கு: அடிநிறம் ஹியூ (நிற வட்டத்தில் இடம்) 20, சாச்சுரேஷன் 55, பிரைட்னெஸ் 45. நிழலுக்கு ஹியூவை 10 பக்கம், அதாவது சிவப்பை நோக்கி இறக்கி, சாச்சுரேஷன் 60, பிரைட்னெஸ் 22. அந்திச் செம்பொன் விழும் இடத்தில் ஹியூ 30, சாச்சுரேஷன் 40, பிரைட்னெஸ் 78. வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் விளிம்பில் சாச்சுரேஷனைக் கொஞ்சம் ஏற்றினால் தோலுக்குள் ரத்தம் ஓடுவது தெரியும். கறுத்த தோலில் பளபளப்பு சின்னதாக, கூர்மையாக இருக்கும்: நெற்றிமேடு, மூக்கு நுனி, கீழுதடு, காறை எலும்பு. அதன் நிறம் வெளிச்சத்தின் நிறம், தோலின் நிறம் அல்ல. நிழல் பக்கம் மேல்நோக்கிய இடங்களில் வானத்து நீலம் லேசாகப் படியும். புதுச்சேரியின் வெள்ளை நகரத் (ஒயிட் டவுன்) தெருவில் மஞ்சள் சுவரையொட்டி நிற்பவரின் நிழல் கன்னத்தைப் பாருங்கள், சுவரின் மஞ்சள் அங்கே ஏறியிருக்கும். நிழலுக்குள் நிறம் இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுகொள்ள அதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

ஒருவர் தன் பாட்டி நிறத்தில் ஓர் இளவரசியை வரைந்திருக்கும்போது "கொஞ்சம் பிரைட் பண்ணுங்க, முகம் டல்லா இருக்கு" என்று எழுதாதீர்கள். முகம் தெரியவில்லை என்றால் பின்னணியின் வேல்யூவை (வெளிச்ச-இருட்டு அளவை) மாற்றச் சொல்லுங்கள். தோலின் நிறம் அவர் யோசித்து எடுத்த முடிவு.

யாளி பெரிதா, பொம்மையா?

உடம்பு திரையை அடைத்து நின்றாலும் யாளி சில படங்களில் பொம்மையாகத் தெரியும். காரணம் பெரும்பாலும் துளிகள். ஒரு பெரிய மிருகம் தண்ணீரைவிட்டு எழும்பினால் தண்ணீர் தாரையாக வழியும், ஓரங்களில் புகையாகத் தெறிக்கும். யாளியின் கண்ணில் பாதி அளவுக்குக் குண்டு குண்டாகத் துளி வரைந்தால், பார்க்கிறவர் கண் அந்தத் துளியை அளவுகோலாக வைத்து யாளியை நாய்க்குட்டி அளவுக்குச் சுருக்கிவிடும். செதிலும் பிடரிமயிரும் அப்படியே: பெரிய மிருகத்துக்குச் சின்னச் சின்னதாக, நிறைய.

பெண் உட்காரும் இடமும் பார்க்க வேண்டியது. நடுமுதுகில், குதிரையில் உட்காருவது போலக் காலைப் போட்டிருப்பார்கள். யானை அகலத்துக்கு முதுகு இருந்தால் தொடை அவ்வளவு விரியாது. யானைப் பாகன் கழுத்தில் உட்கார்ந்து, கால்களைக் காதுகளுக்குப் பின்னால் தொங்கவிடுவதைக் கோயில் ஊர்வலத்தில் பார்த்திருப்போம். அங்கே நகர்த்திவிட்டால் தொடை, இடுப்பு, தோள் மூன்றும் ஒரே மாற்றத்தில் சரியாகும்.

வேர்கள். பிச்சாவரத்தில் நீரோடை ஓரம் நிற்பது சுரபுன்னை. தண்டிலிருந்து வளைந்து இறங்கும் முட்டுவேர் அதனுடையது. சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேல்நோக்கி நிற்பவை வெண்கண்டலின் மூச்சுவேர்கள், அவை பின்னால் சேற்றுத்தரையில் வரும். ஒரே மரத்துக்கு இரண்டையும் போட்டுவிட்டால் படகில் போய்ப் பார்த்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். முட்டுவேரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நனைந்த கறுப்பும் அதற்கு மேல் உலர்ந்த பழுப்பும் பிரியும் கோடு ஒன்று போட்டால், ஓதம் ஏறி இறங்கும் நீர் என்று சொல்லாமலே தெரியும்.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது

மேலே இத்தனை சொன்னேன், ஆனால் ஒரே மூச்சில் ஒருவருக்கு இத்தனையும் அனுப்பக் கூடாது. மூன்று போதும். ஸ்கெட்ச் நிலை என்றால் வெளிச்சத்தின் திசையும் உட்காரும் இடமும். உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பார்த்து, யாளி என்று அடையாளம் தெரிகிறதா என்றும் சொல்லலாம். முழுக்க ரெண்டர் ஆன (வண்ணமும் ஒளிநிழலும் போட்டு முடித்த) படத்துக்குப் போய் "கேமராவை இன்னும் கீழ வைக்கலாமே" என்பது கொடுமை. அந்த நிலையில் எட்ஜ், பளபளப்பு, துளி போன்ற ஒரு மணி நேரத்தில் திருத்தக்கூடியவைதான் பேச்சு. வேலை முடிந்துவிட்டது, கருத்து வேண்டாம் என்று அவர் எழுதியிருந்தால் பிடித்த இடத்தை மட்டும் குறிப்பாகச் சொல்லிவிட்டு விடுங்கள்.

வாசகம் இப்படி இருக்கலாம்: "அக்கா, யாளியோட இடது முன்கால். முட்டி தண்ணிக்கு மேல தெரியுது, ஆனா தோள்ல இருந்து அந்த இடம் ரொம்பக் கிட்ட இருக்கு, அதனால கால் குட்டையாத் தெரியுது. முட்டிய இன்னும் பாதித் தலை அளவு கீழ இறக்கி, தண்ணிக்குள்ள மறைச்சுப் பாருங்க." இடம் முதலில் வந்துவிட்டது, பிறகு காரணம், பிறகு செய்ய வேண்டியது. "அனாட்டமி சரியில்ல" என்பதிலிருந்து அந்த அக்கா என்ன செய்வார்? படத்தின் மேல் 1, 2, 3 என்று வட்டம் போட்டு அனுப்பிவிட்டு எண்ணைச் சொல்லி எழுதினால் இன்னும் சுலபம். வாய்ஸ் நோட்டில் நாலு நிமிடம் பேசுவதைவிட இது நல்லது, வரைகிறவர் பேனா பிடித்தபடியே வரி வரியாகப் பார்த்துச் செய்யலாம்.

வயதில் மூத்தவர் படம் என்றால் நம்மவர்கள் வாயே திறப்பதில்லை. "அண்ணா, ஒரு சந்தேகம், வெளிச்சம் எந்தப் பக்கம்ணா?" என்று கேள்வியாகக் கேட்டாலே போதும், விஷயம் தெரிந்தவருக்கு அது புரியும். சின்னவர்களிடம் "தம்பி, முதல்ல பேசிக்ஸ் கத்துக்க" என்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். பாணியைக் குறையாகச் சொல்லாதீர்கள். அனிமே கண் பெரிதாக இருப்பது தவறல்ல. இரண்டு கண்ணும் முகத்தின் ஒரே சாய்வில் இல்லாவிட்டால் அது தவறு. திரையைக் கண்ணாடி போலத் திருப்பிப் பார்த்தால் (கிரிட்டாவில் எம் விசை) அந்தச் சாய்வு உடனே தெரியும்.

வார்த்தையில் விளங்காததைப் படத்தின் மேலேயே வரைந்து காட்டலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள், செய்ததைக் குழுவுக்கு வெளியே போடாதீர்கள். ஒரு வழி அருமையாக உதவும்: அவர் அனுப்பிய படத்தின் அதே பிக்சல் அளவில் வேலை செய்து, உங்கள் திருத்த லேயரை மட்டும், பின்னணி இல்லாத பிஎன்ஜியாக, டாக்குமெண்டாக அனுப்புங்கள். அவர் அதைத் தன் கேன்வாஸில் இறக்கி அளவைப் பொருத்தி, ஒபாசிட்டியை (அடர்த்தியை) 40 சதவீதம் ஆக்கி, அடியில் தன் கோட்டைத் தானே திருத்திக்கொள்வார். போட்டோவாக அனுப்பினால் பின்னணி நிரம்பிவிடும், பயனில்லை. முழுசாக நீங்களே ரெண்டர் செய்து அனுப்பவும் வேண்டாம், அவருக்குத் தேவை கோடும் அம்புக்குறியும்தான்.

கேட்டவர் பக்கமும் கொஞ்சம் வேலை உண்டு. வந்த கருத்தையெல்லாம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டி ஆளுக்கொரு தீர்வு சொன்னால், அந்த இடத்தில் நிச்சயம் ஏதோ இருக்கிறது. தீர்வை நீங்களே தேடலாம். திருத்துவதற்கு முன் ஃபைலை வேறு பெயரில் சேமியுங்கள்: யாளி_02, யாளி_03 என்று. திருத்திய பிறகு பழையதையும் புதியதையும் ஒரே அளவில், ஒரே அமைப்பில் எக்ஸ்போர்ட் செய்து அடுத்தடுத்துப் போடுங்கள். எந்தக் கருத்தை ஏற்றீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "நிலாவை மாத்தல, இது விடியற்காலைனு முடிவு பண்ணிட்டேன், அதனால முகத்தோட செம்பொன்னை எடுத்துட்டேன்" என்று ஒருவர் எழுதினால், சொன்னவர்களுக்கும் அடுத்த படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.